ஒன்பதுக்குப் பதில் சொன்னது யார்

என் அக்கா ஆறரை வருடம் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் வேலை பார்த்தாள். பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் அடித்தளம் அது. ஒரு பக்கம் வண்டிகள் நிறுத்துமிடம், மறுபக்கம் ஜெனரேட்டர். அறையின் பாதியைத் தரையிலிருந்து கூரை வரை வலை கட்டி மறைத்திருந்தார்கள். வலைக்கு உள்ளே ட்ரோன்கள் பறக்கும். வெளியே நான்கு மேசைகள், ஈயம் உருகிய வாசனை, உடைந்த இறக்கைகள் நிரம்பிய ஒரு பிஸ்கட் டின், பேட்டரி தீப்பிடித்தால் கொட்டுவதற்கு இரண்டு வாளி மணல். ஒருமுறை நான் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது ஒரு வாளியில் யாரோ தக்காளிச் செடி நட்டு வைத்திருந்தார்கள். வெயில் படாமல் அது வெளுத்து, நூல் மாதிரி நீண்டு, டியூப் லைட்டைப் பார்த்து வளைந்திருந்தது.

"பல்பு வேலை," என்றாள் அக்கா. "ஆராய்ச்சிக்கு வந்தா என்ன ஆகும்னு புதுசா சேர்றவங்களுக்குக் காட்டறதுக்காம்."

பல்பு என்பது அவளுடைய ஜூனியர். சேர்ந்த முதல் வாரத்தில் ப்ளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்து, பன்னிரண்டு ட்ரோன்களின் விளக்குகளையும் ஒரே சமயத்தில் எரித்துவிட்டவன். அவனுடைய சொந்தப் பெயரை அங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அக்கா என்ன படிக்கிறாள் என்பது வீட்டில் யாருக்கும் பல வருடம் விளங்கவில்லை. அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்தெட்டு வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். அவருக்காக ஒரு நாள் அவள் சாப்பாட்டு மேசையில் கடுகை இறைத்து, கையில் அகப்பட்ட ஸ்பூன்களை அதன் மேல் வரிசையாக வைத்தாள்.

"இது ஒரு பெரிய காடுன்னு வெச்சுக்கோங்கப்பா. இதுக்குள்ள ஒருத்தர் காணாம போயிட்டார். ஒரே ட்ரோன் முழுசும் தேடினா நேரம் ஆகும். அதனால பன்னிரண்டு பாத்தியா பிரிச்சு, பாத்திக்கு ஒண்ணு. மேல இருந்து ஓட்டறவர் யாரும் கிடையாது. அதுங்களே தங்களுக்குள்ள பேசிக்கும்."

"என்ன பேசும்?"

"நொடிக்கு ஒரு தடவை 'நான் இருக்கேன்'னு சொல்லும். அவ்வளவுதான்."

"பள்ளிக்கூடத்துல உள்ளேன் ஐயா சொல்ற மாதிரி."

அந்தப் பெயர் அப்படித்தான் வந்தது. அக்கா அதை அடித்தளத்துக்கு எடுத்துப் போனாள். அதன் பிறகு அந்த அறையில் எல்லோருக்கும் அந்தச் செய்தி 'உள்ளேன் ஐயா' தான். பறக்கவிடுவதற்கு முன் லேப்டாப் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடும். பல்பு பின்னால் நின்றுகொண்டு பன்னிரண்டு குரலில் உள்ளேன் ஐயா சொல்வான். ஒன்பதாம் எண்ணுக்கு மட்டும் மூக்கால் சொல்வான். அதன் ஒரு கை ஒரு முறை உடைந்து, பசை போட்டு ஒட்டி, சிவப்பு டேப் சுற்றியிருந்தது. அதற்கு எப்போதும் ஜலதோஷம் என்பது அவனுடைய கட்சி.

"சரி, ஒண்ணு பதில் சொல்லலைன்னா?" என்று கேட்டார் அப்பா.

"அதுதான் என் ஆராய்ச்சியே," என்றாள் அக்கா. ஒரு ஸ்பூனை எடுத்துவிட்டாள். இரண்டு பக்கத்து ஸ்பூன்களையும் நகர்த்தி, காலியான கடுகைப் பாதிப் பாதியாக மறைத்தாள். "மூணு நொடி சத்தம் இல்லைன்னா அது செத்துப்போச்சுன்னு அர்த்தம். பக்கத்துல இருக்கிறதுங்க அந்தப் பாத்தியைப் பங்கு போட்டுக்கணும். எவ்வளவு சீக்கிரம், சண்டை போடாம, ஒரு இடம் விடாம பங்கு போடறதுங்கறதைத்தான் ஆறு வருஷமா பார்த்துக்கிட்டிருக்கேன்."

"ஆறு வருஷமா? எத்தனையாவது மாடியில இருக்க?"

"நாலாவது அத்தியாயத்துக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுலப்பா."

"லிஃப்ட் மாட்டிக்கிச்சு போல. பயப்படாத, மணி அடி. நான் வந்துடறேன்."

அம்மா கடுகைத் துடைத்து எடுத்தபடி, "ரெண்டு பேருமா சேர்ந்து என் தாளிப்பைக் கெடுத்தாச்சு," என்றாள்.

அந்த வருடக் கடைசியில் அப்பாவுக்கு மறதி தொடங்கியது. முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு வருடம். தான் ஓய்வு பெற்றது அவருக்கு முழுவதுமாக அழிந்துபோயிற்று. காலையில் எழுந்ததும் டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எங்கோ ஒரு கட்டடத்தில் ஜனங்கள் லிஃப்டுக்குள் மாட்டியிருப்பதாகச் சொல்லிக் கிளம்புவார். அம்மா தடுத்தால் கோபம் வரும். "மணி அடிக்குது, உனக்குக் காது கேக்கல?" என்பார். கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாளை வைத்தோம்.

அக்காவுக்கும் அப்போது நெருக்கடி. ஆராய்ச்சிப் பதிவுக்கான கால எல்லை நெருங்கிக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய தலைவலி டெமோ. நிதி தருகிறவர்கள் வருடத்துக்கு இரண்டு முறை வந்து பார்ப்பார்கள். பார்வையாளர்கள் எல்லோருடைய பையிலும் செல்போன். அலைவரிசை நெரிசலில் ட்ரோன்களின் பேச்சு நாலைந்து நொடி விட்டு விட்டு வரும். அவ்வளவு போதும், பக்கத்து ட்ரோன்கள் பாத்தியைப் பங்கு போடப் பாய்ந்துவிடும். செத்ததாக நினைத்தது மறுபடி பேசியதும் அவை திரும்பி ஓடும். பார்க்கிறவர்களுக்குக் கடைசி பஸ்ஸில் இடம் பிடிக்கிற கூட்டம் மாதிரி இருக்கும்.

அவளுடைய ஆராய்ச்சிக் கைடு நல்ல மனிதர்தான். குரலை உயர்த்திப் பேசமாட்டார். "சயின்ஸ்ல தப்பில்லம்மா," என்றார். "பார்வைக்கு நல்லா இல்ல. வர்றவங்க முன்னாடி கொஞ்சம் பொறுத்துப் போற மாதிரி ஏதாவது பண்ணேன்."

அக்கா ஒரே நாளில் அதை எழுதினாள். ஒரு ட்ரோன் பேசாமல் போனால், அது இந்நேரம் எங்கே இருக்க வேண்டும் என்று லேப்டாப் கணக்குப் போட்டு, அதன் சார்பாக உள்ளேன் ஐயா சொல்லும். பக்கத்து ட்ரோன்கள் நம்பி, தங்கள் வேலையைப் பார்க்கும். வகுப்புக்கு வராத நண்பனுக்காகக் குரல் மாற்றி அட்டெண்டன்ஸ் கொடுப்பதற்குக் கல்லூரியில் என்ன பெயரோ அதே பெயரை பல்பு இதற்கும் வைத்தான்: ப்ராக்ஸி. எத்தனை நேரம் அப்படிப் பதில் சொல்லலாம் என்பதற்கு ஒரு வரம்பு வைக்க வேண்டும் என்று அக்கா நோட்டில் எழுதி வைத்திருந்தாள். 'டெமோ முடிந்ததும் அணைக்கவும்' என்றும் எழுதியிருந்தாள். இரண்டையும் நான் பிறகு பார்த்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை டெமோ நடந்தது. படம் வரைந்த மாதிரி பறந்தன. கைடு எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு, அம்மா குளித்துவிட்டு வருவதற்குள், அப்பா போய்விட்டார். தாழ்ப்பாளை அவர் உடைக்கவில்லை. நாற்காலி போட்டு ஏறி, திருகாணிகளைக் கழற்றி, நான்கையும் தாழ்ப்பாளோடு சேர்த்துச் செருப்பு அலமாரியின் மேல் வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆணியில் டூல் பை இல்லை.

நான் அலுவலகத்திலிருந்து வந்து சேர்ந்தபோது அக்கம்பக்கத்தார் தெருத்தெருவாகத் தேடி முடித்திருந்தார்கள். வட்டச் சாலையில் லாரியை நிறுத்தியிருந்த ஒரு டிரைவர், பையோடு ஒரு பெரியவர் சாலையைக் கடந்து சரளைக் குழிகள் பக்கம் போனதைப் பார்த்ததாகச் சொன்னார். அந்த நிலம் எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் சரளை தோண்டி எடுத்த பள்ளங்கள், ஆளுயர நாணல், ஓடாத பம்ப் கொட்டகை ஒன்று, அதற்கு அப்பால் ரயில் பாதை. நான்கைந்து பேர் நடந்து தேடினால் இரண்டு நாள் ஆகும்.

அக்கா போனில் இரண்டே வார்த்தை பேசினாள். "எடுத்துட்டு வரேன்."

நாலு மணிக்குப் பல்கலைக்கழக வேனில் வந்து இறங்கினார்கள்: அக்கா, பல்பு, பன்னிரண்டு பெட்டிகள். இன்ஸ்பெக்டர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "இதெல்லாம் கல்யாண வீடியோ எடுக்கிறதுதானே?" என்றார். வேன் கதவைத் திறந்து அதன் படியில் லேப்டாப்பை வைத்து, அக்கா நிலத்தின் வரைபடத்தைப் பன்னிரண்டு பாத்தியாகப் பிரித்தாள். லேப்டாப் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டது. அன்று பல்பு பின்னாலிருந்து குரல் கொடுக்கவில்லை. பன்னிரண்டும் பதில் சொல்லின.

இருபத்திரண்டு நிமிடம். ட்ரோன்கள் நாணலின் மேல் ஒரே உயரத்தில் போய்வந்துகொண்டிருந்தன. திரையில் ஒவ்வொரு பாத்தியும் ஓரத்திலிருந்து மெல்லப் பச்சையாகிக்கொண்டு வந்தது. கேமராவில் மனித உருவம் ஏதாவது தென்பட்டால் சிவப்புப் புள்ளி விழும், இல்லையென்றால் பச்சை. சிவப்பு இரண்டு முறை விழுந்தது. ஒன்று மீன் பிடித்துக்கொண்டிருந்தவர், இன்னொன்று தேடப் போன எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். கடைசியில் திரை முழுவதும் பச்சை.

"இங்க இல்ல," என்றாள் அக்கா.

அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "நல்லாப் பார்த்தியா கண்ணு?" என்று கேட்டாள்.

"ஒரு இடம் விடலம்மா."

இன்ஸ்பெக்டர் அந்தப் பச்சையைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். இப்போது அவர் முகத்தில் மரியாதை இருந்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தேடச் சொல்லி ஆட்களை அனுப்பினார். குழிகள் பக்கம் போயிருந்தவர்களையும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்.

ட்ரோன்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. பல்பு எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"அக்கா, ஒன்பது வரல."

"திரும்பி வர்ற வழியில விழுந்திருக்கும்."

"போய் எடுத்துட்டு வந்துடவா? பீப் சத்தம் வரும், கண்டுபிடிச்சுடலாம்."

"அப்பாவைத் தேடறதை விட்டுட்டு மெஷினைத் தேடச் சொல்றியா? வண்டியில ஏறு."

அவன் ஏறினான்.

ரயில் பாதைக்கு அப்பால் கிடங்குகளும் குடியிருப்புகளும். அன்று மாலையும் இரவும் அங்கேதான் தேடினோம். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மாடிப்படியின் கீழே நின்று அம்மா சொன்னாள், "எங்கயாவது ஒரு லிஃப்ட் பக்கத்துல நின்னுக்கிட்டிருப்பார். நனைஞ்சிருக்க மாட்டார்." எட்டு மாடிக்கு மேல் இருந்த எல்லாக் கட்டடத்திலும் ஏறி இறங்கினோம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கிடங்குகளின் மேலே மறுபடி பறக்கவிட ஏற்பாடு செய்தார்கள். பன்னிரண்டு வேண்டும், பதினொன்றுதான் இருந்தது. ஒன்பது எங்கே விழுந்தது என்று பார்க்க அக்கா முந்தைய நாள் பதிவைத் திறந்தாள். நான் காபி வாங்கிக்கொண்டு வேன் பக்கம் வந்துகொண்டிருந்தேன். அவள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்தது பள்ளிக்கூட நாட்களோடு சரி. செருப்பு ஒன்று வழியில் கழன்று கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். ரயில் பாதையைத் தாண்டி, நாணலை விலக்கி, பம்ப் கொட்டகைக்குப் பின்புறம் இருந்த பள்ளத்தின் விளிம்பில் அவள் நின்றுவிட்டாள்.

பள்ளத்துக்குள் அப்பா இருந்தார். தொடை எலும்பு முறிந்திருந்தது. உடம்பு முழுக்க ஈரம். கையில் ஸ்க்ரூ டிரைவர். அவர் விழுந்த இடத்தில் டூல் பை கிடந்தது. அங்கேயிருந்து சரளையில் இழுபட்ட தடம் ஒன்று பத்துப் பன்னிரண்டு அடி வந்து, அவரிடம் முடிந்தது. தடம் போன திசையில், இன்னும் முப்பது அடி தள்ளி, சிவப்பு டேப் சுற்றிய கையோடு ஒன்பது உட்கார்ந்திருந்தது. பேட்டரி தீர்ந்துபோய் அதன் பீப் சத்தம் எப்போதோ நின்றிருந்தது.

அதிகாலையில் நாலிலிருந்து ஐந்துக்குள் உயிர் போயிருக்கும் என்றார் மருத்துவர்.

அக்காதான் கண்டுபிடித்தாள் என்று ஊருக்கெல்லாம் தெரிந்தது. போலீஸ் கைவிட்ட இடத்துக்குத் தனியாக ஓடிப் போய் அப்பாவைக் கண்டெடுத்த மகள். உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு பெட்டிச் செய்தி வந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் அம்மா அதையே சொன்னாள். "ஒரு ராத்திரியில கண்டுபிடிச்சுட்டா. இல்லைன்னா நாய் நரி இழுத்துப் போயிருக்கும். என் பொண்ணாலதான் அவரை முழுசா வழியனுப்ப முடிஞ்சுது." சொல்லும்போது அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். அம்மாவுக்குப் பற்றிக்கொள்ள அந்த ஒன்றுதான் இருந்தது. அக்கா கையை உருவிக்கொள்ளவில்லை.

ஒரு வாரம் கழித்து, எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் உட்கார்ந்து எனக்குக் காட்டினாள். லேப்டாப்பில் எண்கள் வரிசை வரிசையாக ஓடின.

"இது ஒன்பதோட உள்ளேன் ஐயா. ஏழாவது நிமிஷம் வரைக்கும் சிக்னல் அளவு இருக்கு பாரு. இதுக்கு அப்புறம் காலி. பதில் மட்டும் வந்துக்கிட்டே இருக்கு."

"அப்படின்னா?"

"கொட்டகை சுவரும் கரையும் மறைச்சு ரேடியோ அறுந்துபோச்சு. தொடர்பு போனா அங்கயே இறங்கிடணும்னு அதுக்குச் சொல்லியிருக்கோம், இறங்கிடுச்சு. மூணு நொடியில எட்டும் பத்தும் அந்தப் பாத்தியைப் பங்கு போட்டுருக்கணும். போடல. ஏன்னா ஒன்பது நல்லா இருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருந்தது. பதினஞ்சு நிமிஷம். அது சொன்ன இடமெல்லாம் திரையில பச்சையாயிடுச்சு. ப்ராக்ஸி. செவ்வாய்க்கிழமை டெமோக்குப் போட்டதை நான் அணைக்கல."

எனக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் நான் சொன்னது இதுதான்: "அம்மாகிட்ட சொல்லாத."

"அவர் அப்போ உயிரோட இருந்தாருடா. மெஷின் சத்தம் கேட்டு யாரோ மணி அடிக்கிறாங்கன்னு நினைச்சு நகர்ந்து வந்திருக்கார்."

"தெரியுது. சொல்லாத. சொல்லி யார் திரும்பி வரப்போறாங்க?"

அவள் லேப்டாப்பை மூடினாள். கீழ்த்தளத்தில் யாரோ லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். அது வந்து, கதவு திறந்து, மூடி, மேலே போயிற்று.

கைடு ஒரு மாதம் விட்டுப் பேசினார். துக்கம் விசாரித்தார், உண்மையாகவே கண் கலங்கினார். பிறகு, ஆய்வேட்டில் ஆறாவது அத்தியாயமாக இந்தத் தேடலைச் சேர்க்கலாம் என்றார். நிஜமான நிலத்தில், நிஜமான மனிதரைத் தேடிய அனுபவம் வேறு யாரிடமும் இல்லை. அக்கா ப்ராக்ஸியைப் பற்றிச் சொன்னாள். அவர் கேட்டார்:

"பதிவைப் பார்த்துத்தானே அந்த இடத்துக்குப் போன?"

"ஆமா சார்."

"பதிவு ட்ரோனோடதுதானே? அப்போ அதுதானே வழி காட்டியிருக்கு. பொய்யே இல்லாம எழுதலாம்மா. துக்கத்துல மனசு தன்னைத்தானே குத்திக்கும். அதை ஆய்வேட்டுல போடணும்னு அவசியம் இல்ல."

பொய்யே இல்லாமல்தான் எழுதினாள். எனக்குப் படித்துக் காட்டினாள். 'தேடல் தொடங்கிப் பதினேழு மணி நேரத்தில், பறத்தல் பதிவுகளின் துணையோடு, காணாமல் போனவர் இருந்த இடம் கண்டறியப்பட்டது.' பக்கத்தில் முழுப் பச்சையில் வரைபடம். நன்றாக இருக்கிறது என்றேன். பதிவுக் காலம் முடிய இரண்டு மாதம் இருந்தது. ஆய்வேட்டை அச்சிட்டுக் கட்டிச் சமர்ப்பித்தாள்.

பொது வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். அம்மா வருவேன் என்றாள். அக்கா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். "உனக்குப் புரியாதும்மா. ரெண்டு மணி நேரம் சும்மா உக்காரணும்."

"உன் அப்பாவுக்கும்தான் புரியல. கடுகை வெச்சுச் சொன்னப்போ உக்கார்ந்து கேட்டார்ல? அவர் இடத்துல நான் உக்காருவேன்."

முப்பது நாற்காலிகள் போட்ட குளிரூட்டிய அறை. அம்மா சாம்பல் நிறப் புடவையில் முதல் வரிசையில், நான் அவளுக்குப் பக்கத்தில், பின்னால் பல்பு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், கண்ணாடி போட்ட, சன்னமான குரலுள்ள ஒரு பெண்மணி. கைடு அம்மாவை அறிமுகப்படுத்தியதும் அவர் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆறாவது அத்தியாயம் படிச்சேன். உங்க பொண்ணு பெரிய காரியம் பண்ணியிருக்காங்க," என்றார். அம்மாவின் முகத்தில் எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. நான் அதைப் பார்த்தேன். மேடையில் நின்ற அக்காவும் பார்த்தாள்.

ஐந்து அத்தியாயங்கள் சரளமாக நடந்தன. ஆறாவதுக்கு வந்ததும் அவள் காட்டிய வரைபடம் ஆய்வேட்டில் இருந்தது அல்ல. பதினொரு பாத்திகள் பச்சை. ஒன்பதாவது, ஓரத்தில் ஒரு கீற்று போக, வெள்ளை.

தேர்வாளர் புத்தகத்தைப் புரட்டினார். "இதுல ஒன்பது முழுசா பச்சையா இருக்கே?"

"அது தப்பு மேடம்."

"ஒன்பது கடைசி வரைக்கும் பதில் சொல்லிட்டிருந்ததுன்னு பதிவு சொல்லுது."

"ஒன்பது சொல்லல. அதுக்குப் பதிலா என் ப்ரோக்ராம் சொல்லிச்சு. டெமோல பார்க்க நல்லா இருக்கணும்னு நான் எழுதினது. அணைக்க மறந்துட்டேன். அந்தப் பாத்தியில யாரும் தேடவே இல்ல. தேடியாச்சுன்னு நான் சொன்னதால போலீஸும் வேற பக்கம் போயிட்டாங்க."

கைடு பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

அம்மா எழுந்து நின்றாள். கேள்வி கேட்கும் உரிமை பார்வையாளர்களுக்கும் உண்டு என்று தலைமை தாங்கியவர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

"நீ இதைப் பறக்கவிட்டப்போ அவர் அங்கதான் இருந்தாரா?"

"ஆமாம்மா."

"உயிரோட?"

"ஆமாம்மா."

"ராத்திரி, நாம லிஃப்ட் லிஃப்டா ஏறி இறங்கினப்போ?"

"இருந்தாரும்மா."

அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "வேற யாருக்குத் தெரியும்?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "எனக்கு மட்டும்தாம்மா," என்றாள்.

நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்வதற்கு எனக்கு நேரம் இருந்தது. அம்மா கைப்பையை எடுத்து, வரிசையைக் கடந்து, கதவைத் திறந்து, அது தானாக மெல்ல மூடிக்கொள்ளும் வரை நேரம் இருந்தது.

தேர்வாளர்கள் அவளை நிராகரிக்கவில்லை. அந்த அத்தியாயத்தை நடந்தது நடந்தபடி திருத்தி எழுதித் தரச் சொன்னார்கள். பதினெட்டு நாளில் எழுதிக் கொடுத்தாள். கைடு கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு அவளோடு பேசவில்லை. பட்டம் தபாலில் எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமல் ஃப்ரிஜ்ஜின் மேல் வைத்தாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. துடைக்கும்போது எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறாள்.

அக்கா வேறு ஊரில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறாள். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் முந்நூறு ரோபோக்களைக் கவனிக்கிற வேலை. பல்பு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: ஏதாவது ஒன்று பதில் சொல்லாமல் போனால் மற்றவர்கள் திரையில் ஒரு பொத்தானைத் தட்டி வேறு ரோபோவை அனுப்புகிறார்கள், அக்கா எழுந்து நடந்து போய் அந்த இடத்தில் நின்று பார்த்துவிட்டு வருகிறாளாம். ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை. "கால் வலிக்கலையாக்கான்னு கேட்டேன். செருப்பு மாத்திட்டேன்னு சொல்றாங்க," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்குப் போன் செய்வாள். நான் ஸ்பீக்கரில் போட்டு, சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் அலமாரியில் வைப்பேன். அம்மா அந்த நேரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். மணி அடித்ததும் குழாய் நின்றுவிடும்.

"அம்மா இருக்காளா?"

"இருக்கா."

ஆரம்பத்தில் நான் அம்மாவுக்காகவும் பேசிக்கொண்டிருந்தேன். உன்னைக் கேட்டாள், சாப்பிட்டாயா என்றாள், இளைத்திருப்பாய் என்று கவலைப்படுகிறாள் என்று எனக்குத் தோன்றியதை எல்லாம். மூன்று நான்கு வாரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள் அக்கா சொன்னாள், "அவ சொல்லாததை நீ சொல்லாதடா." அதன் பிறகு நிறுத்திவிட்டேன்.

நானும் அவளும் கொஞ்சம் பேசுவோம். வாடகை வீட்டுக்காரர், மழை, பல்புவின் தக்காளிச் செடி. பிறகு பேச ஒன்றும் இருக்காது. போனில் கிடங்கின் சக்கரச் சத்தம் கேட்கும். இங்கே அம்மா ஈரக் கையைத் துடைக்காமல் நிற்பாள். தண்ணீர் அவள் விரலிலிருந்து தரையில் சொட்டும். எனக்கும் முன்பே தெரிந்திருந்தது என்பதை நான் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர்கள் இருவரும் இணைப்பைத் துண்டிப்பதில்லை. ஏழெட்டு நிமிடம் அப்படியே போகும். கடைசியில் நான்தான் எழுந்து போய் அணைக்க வேண்டியிருக்கிறது.